லொரென்சோஸ் ஆயில்: ஆராய்ச்சியே நாடகமானபோது

பிள்ளைக்குக் கொடிய நோய் என்ற கதைகளில் பெற்றோருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது அழுகை ஒன்றுதான். ஜார்ஜ் மில்லரின் ‘லொரென்சோஸ் ஆயில்’ (1992) அவர்களை நூலகத்துக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தோ, மிக்கேலா ஒடோனே தம்பதியின் உண்மைக் கதை இது. மகன் லொரென்சோவுக்கு மூளை நரம்புகளின் மயலின் உறையை அரிக்கும் ஏஎல்டி என்ற மரபணு நோய். மருத்துவர்கள் குறித்த கெடு இரண்டே ஆண்டு.

மில்லர் மருத்துவம் படித்தவர். திரைக்கதையின் கட்டுக்கோப்பில் அது தெரிகிறது. இந்நோயில் உடலில் சேரும் மிக நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலத்தை உணவில் குறைத்த பிறகும் இரத்தத்தில் அதன் அளவு ஏன் ஏறுகிறது? படத்தின் முடிச்சு இந்தக் கேள்விதான். உடலே அதைத் தயாரிக்கிறது, அந்த நொதிக்கு வேறோர் அமிலத்தில் வேலை கொடுத்தால் தயாரிப்பு குறையும் என்ற விடைக்குக் காகித கிளிப்புகளின் சங்கிலி வழியாக வருகிறார் அகுஸ்தோ. உயிர்வேதியியல் கருத்தொன்றைச் சிதைக்காமல், பதற்றமும் தளராமல் காட்சியாக்கிய படங்கள் மிகச் சில. முதலில் முயன்ற ஒலீயிக் அமிலத்தின் பலன் பாதி வழியில் நின்றுவிட எரூசிக் அமிலத்தைத் தேடும் பகுதியிலும் அதே தெளிவு.

நோய் தன்வழி வந்தது என்ற குற்றவுணர்வில் இறுகி, செவிலியரை விரட்டும் மிக்கேலாவாக வரும் சூசன் சரண்டன் நம் இரக்கத்தை எங்கும் யாசிக்கவில்லை. அகுஸ்தோவாக வரும் நிக் நோல்டியின் உழைப்பு பெரிது. அவருடைய இத்தாலிய உச்சரிப்போ கடைசி வரை ஒட்டவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பானவர் ஒரு பிள்ளைக்காக ஆய்வு நெறியை விட முடியாது என்று வாதிடும் பேராசிரியர் நிக்கொலாயிஸுக்கு (பீட்டர் உஸ்டினோவ்) மில்லர் உரிய இடம் தருகிறார். ஏஎல்டி பெற்றோர் சங்கத் தலைவர்களுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. அவர்கள் வெறும் முட்டுக்கட்டைகளாகவே நிற்கிறார்கள்.

பெருங்குறை முடிவில் இருக்கிறது. இவ்விரு அமிலங்களும் கலந்த எண்ணெயை உட்கொள்ளும் சிறுவர்கள் வரிசையாகத் தோன்ற, நோய் வெல்லப்பட்டது என்ற எண்ணமே மிஞ்சுகிறது. இரத்த அளவு சீரானது உண்மை. இழந்ததை எண்ணெய் மீட்டுத்தரவில்லை. 2005இல் வெளிவந்த நரம்பியலாளர் ஹியூகோ மோசரின் ஆய்வும் அறிகுறி தோன்றாத சிறுவர்களுக்குத் தடுப்புப் பயன் இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. 1992இல் மில்லர் இதை அறிந்திருக்க முடியாது. ஆனால் சான்று போதாது என்பதைப் படத்துக்குள்ளேயே நிக்கொலாயிஸ் சொல்லிவிடுகிறார். அதுவரை ஒவ்வொரு படியிலும் ஆதாரம் கேட்ட படம், தன் வெற்றிக்கு மட்டும் அதைக் கேட்கவில்லை. இவ்வகைப் படங்களில் இதற்கு முதலிடம் தர நான் தயங்குவது அந்தக் கடைசி நிமிடங்களால்தான். அவற்றுக்கு முந்தைய பகுதிக்கு இணையாக வேறெதையும் என்னால் வைக்க முடியவில்லை.