67 நீதிபதிகளின் பெயர்: ‘செல்மா’ திரைப்படம் பற்றிச் சில குறிப்புகள்

ஏவா டுவெர்னே இயக்கி 2014இல் வெளிவந்த ‘செல்மா’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1965 மார்ச் 7ஆம் திகதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்துபோன கறுப்பின மக்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தடியில் வைத்துப் பொலிஸார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கிய காட்சி. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுவல்ல என்பது என் அபிப்பிராயம். தொடக்கத்தில், சில நிமிடங்களில் முடிந்துபோகிற ஒரு கந்தோர்க் காட்சிதான் அது.

அனி லீ கூப்பர் என்ற பெண் (ஓப்ரா வின்ஃப்ரி நடித்திருக்கிறார்) வாக்காளராகப் பதிவதற்குப் படிவத்தோடு வருகிறார். பதிவு உத்தியோகத்தர் முதலில் அந்தப் பெண்ணின் முதலாளியின் பேரை இழுக்கிறார். நீ இங்கே வந்து நிற்பது தெரிந்தால் அவர் என்ன சொல்வாரோ என்ற தொனியில். பிறகு அரசியலமைப்பின் முகப்புரையைச் சொல்லச் சொல்கிறார். அந்தப் பெண் சொல்லத் தொடங்குகிறார். அலபாமாவில் கவுண்டி நீதிபதிகள் எத்தனை பேர்? 67 என்று பதில் வருகிறது. சரி, அந்த 67 பேரின் பெயர்களையும் சொல். அவ்வளவுதான், படிவத்தில் நிராகரிப்பு முத்திரை விழுகிறது. அடி இல்லை, இரத்தம் இல்லை.

பல வருடமாக வினாத்தாள் தயாரிக்கிற தமிழ் வாத்தியார் என்ற வகையில் நான் அந்த வினாவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அறிவதற்குத்தான் வினா. இங்கே வினா தேடுவது தெரியாத ஒன்றை. விடை வர வர அது நகர்ந்துகொண்டே போகிறது. எந்தக் கெட்டிக்காரனும் இதில் சித்தியடைய ஏலாது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆம் திருத்தம் 1870லேயே சொல்லிவிட்டது. ஆகவே நிறம் என்ற சொல்லை எங்கும் எழுதாமல் நிறத்தைப் பார்த்து ஆளைக் கழிக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் இந்தப் ‘பரீட்சை’.

உண்மையான அனி லீ கூப்பர், 1963இல் பதிவு வரிசையில் நின்றதற்காகப் பராமரிப்பு இல்லத்தில் செய்த வேலையை இழந்தவர். அதற்கு முன்பு வேறு மாநிலங்களில் வாழ்ந்தபோது வாக்காளராகப் பதியப்பட்டிருந்தவர். அலபாமா எல்லைக்குள் வந்ததும் தகுதியில்லாதவராகிவிட்டார்! செல்மாவில் பதிவுக் கந்தோர் திறந்ததும் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை மட்டும்தான்.

இந்தப் பொறிமுறை படத்துக்குத் தெரியாமலில்லை. இன்னொரு காட்சியில் போராட்டக்காரர்கள் எந்தத் தடையை முதலில் எதிர்ப்பது என்று விவாதிக்கிறார்கள். வாக்கு வரி ஒன்று. ஏற்கெனவே பதிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. பதிந்தவர் ஒருவருமே இல்லாத இடத்தில் சாட்சிக்கு யாரைக் கூட்டிப்போவது? இது கற்பனையல்ல. செல்மாவுக்குப் பக்கத்து லவுண்டஸ் கவுண்டியில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. 1965 தொடங்கும்போது அவர்களில் பதியப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இவ்வளவு தெரிந்த படம், அதற்குப் பிறகு கந்தோரை விட்டுவிட்டு மார்ட்டின் லூதர் கிங்குக்கும் ஜனாதிபதி ஜோன்சனுக்கும் இடையிலான இழுபறிக்குள் போய்விடுகிறது. ஜோன்சனைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சை. அந்தச் சர்ச்சை எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு பெரிய மனிதர்களில் யாருக்கு மதிப்பு என்ற கணக்குத்தானே. (மொழி படித்தவர்களுக்கு ருசியான விஷயம் வேறொன்று. கிங்கின் உரைகளுக்கான திரைப்பட உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால், படத்தில் வரும் உரைகளை டுவெர்னேயே எழுதினார். கிங்கின் சொல் இல்லை, கிங்கின் மூச்சு இருக்கிறது.)

என் மனக்குறை முடிவைப் பற்றியது. 1965 ஓகஸ்ட் 6ஆம் திகதி வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாகிறது, வெற்றி, படம் முடிகிறது. வெற்றி பொய்யல்ல. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுக் கறுப்பின மக்களில் 6.7 சதவீதமாக இருந்த பதிவு 1967இல் 59.8 சதவீதமானது. பாரபட்ச வரலாறு உள்ள இடங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன் மத்திய அரசிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய காவல். 2013 ஜூன் 25ஆம் திகதி, படம் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பு, அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பால் அந்தக் காவலைச் செயலிழக்கச் செய்தது. வழக்குப் போட்டதும் அலபாமாவின் ஒரு கவுண்டிதான், ஷெல்பி. அன்றைக்கே டெக்சாஸ், நிறுத்திவைக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. 2014இல் அலபாமாவில் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானது. அடுத்த வருடம் அந்த அட்டைகளில் முக்கியமானதான சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்கும் கந்தோர்களில் 31ஐ மூடினார்கள்; கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பல கவுண்டிகள் அதில் அடங்கின. எதிர்ப்புக் கிளம்பியதும் மாதத்தில் ஒரு நாள் திறப்பதாகச் சொன்னார்கள். 1965இல் இரண்டு நாளாவது இருந்தது. படம் பாலத்தில் நிற்காமல் கந்தோரில் நின்றிருந்தால், பார்வையாளனுக்கு இந்தத் தொடர்ச்சி தானாகவே பிடிபட்டிருக்கும்.

நம்மட பக்கத்திலும் இதே மாதிரி ஒரு பார்வைக் குறை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் தங்கினார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடும் கல்லெறியும் நடந்தன. அது செய்தியானது, ஞாபகத்தில் நிற்கிறது. அந்தச் சனம் ஏன் வாக்குப் போட மாவட்டம் தாண்ட வேண்டி வந்தது என்பது இடாப்புக் கதை. இருக்கிற இடத்தில் பதிந்தால் பிறந்த ஊரில் பேர் இல்லை. பிறந்த ஊரில் பதிந்தால் பஸ் பிடிக்க வேண்டும், “நீங்க இங்கயா, அங்கயா?” என்று இரண்டு பக்கமும் கேட்கிறவர்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தோர் முந்திய வதிவிடத்தில் பதிவதற்கு ஒரு விசேட சட்டம் வந்தது 2013இல், 23 வருடம் கழித்து. அலபாமாவின் கேள்வியும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அங்கே கேள்வியின் நோக்கமே மறுப்பது. ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, தான் தான்தான் என்று ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

வெளியேற்றம் பற்றிய நம்மட கதைகளில், கவிதைகளில், நான் வாசித்தவரையில் யாழ்ப்பாணத்து இரண்டு மணி நேரக் கெடு வருகிறது, பூட்டிய வீடு வருகிறது, கிணறு வருகிறது. அந்த மேசை வருவதில்லை. படிவத்தோடு நின்ற ஒரு உம்மாவிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார், எத்தனை தரம் திரும்பி வரச் சொன்னார்கள் என்பது இல்லை. 1990இல் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.