இல்லாத யந்திரத்தில் ஒரு குடிபுகுதல்

கணினியில் ஓர் இயங்குதளத்தை நிறுவுவதை ஒரு தொல்லையாகவும், இயன்றால் வேறொருவர் தலையில் கட்டிவிட வேண்டிய காரியமாகவும் கருதுவோரே மிகுதி. ஆயினும், வெறும் ஜடமாகக் கிடக்கும் ஒரு யந்திரம் தன்னிடம் உள்ள வட்டு எது, வலை எது, திரை எது என்று ஒவ்வொன்றாக அறிந்துகொண்டு, ஒரு பெயரையும் ஒரு மொழியையும் ஏற்று, கடைசியில் நம்மை வரவேற்கும் டெஸ்க்டாப்பாக எழுந்து நிற்கும் அந்தச் சிறிது நேரத்தைப் பொறுமையோடு பார்த்திருப்பவர்களுக்கு, அதில் உயர்ந்த ரசானுபவம் ஒன்று காத்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அதைப் பூரணமாகப் பெறுவதற்கு ஏற்ற இடம், மெய்யான கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் யந்திரம்தான். மெய்யான கணினியில், குடும்பப் புகைப்படங்களும் ஆண்டுக்கணக்கான கோப்புகளும் தங்கியுள்ள வட்டின் மீது கைவைக்கும்போது, எதையும் இழக்காமல் தப்ப வேண்டுமே என்பதிலேயே சித்தம் முழுவதும் சென்றுவிடுகிறது. கேள்விகளின் அழகையோ அவற்றின் வரிசைக்கிரமத்தையோ கவனிக்க அவகாசமேது?

இதற்கு நான் விரும்பி நாடுவது விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளையும், டெபியன் லினக்ஸின் பன்னிரண்டாம் பதிப்பாக 2023-இல் வெளிவந்த புக்வோர்மையும். புதிய யந்திரத்துக்கு ஒரு பெயரிட்டு, 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் அளித்தால் சிருஷ்டி முடிந்தது. அந்த 20 ஜிபி வட்டு, நம் மெய்க் கணினியில் சில மெகாபைட் அளவேயுள்ள ஒரு சாதாரணக் கோப்பாகத்தான் பிறக்கிறது. உள்ளே எழுத எழுத வெளியே அது வளர்கிறது. உள்ளிருந்து நோக்கும் இயங்குதளத்துக்கோ, ஆரம்பம் முதலே அது முழுமையான வட்டு.

இந்தப் பாவனை நேற்று இன்று தோன்றியதன்று. 1967-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். விஞ்ஞான மையத்தில், ராபர்ட் கிரீஸி முதலானோர் சி.பி.-40 என்ற அமைப்பை இயக்கி, ஒரே கணினியைப் பதினான்கு பேர்வரை தத்தமக்கே உரிய தனிக் கணினியாகப் பாவிக்கும்படி செய்தனர். 1974-இல் பாப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் இக்கலைக்கு இலக்கணமே வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் மெய்யான யந்திரத்தில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும்; சாதனங்களின் மீதான ஆதிக்கம் மேற்பார்வை செய்யும் மென்பொருளிடமே இருக்க வேண்டும்; கட்டளைகளில் மிகப் பெரும்பான்மை எவர் குறுக்கீடுமின்றி பிராசசரிலேயே நேராக நிறைவேற வேண்டும். இவற்றுள் மூன்றாவது விதியைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். பாவனையை ஒவ்வொரு கணமும் நடித்துக் காட்டாமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தலையிட்டு மற்ற நேரமெல்லாம் ஒதுங்கியிருக்கும் சிக்கனம் அதில் இருக்கிறது. நம் மேஜைக் கணினிகளின் பிராசசர்கள் நெடுங்காலம் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பாப்-எஃப் போன்ற சில கட்டளைகள், அதிகாரமில்லாத நிலையில் நிறைவேற்றப்பட்டால், முறையிட்டு மேற்பார்வையாளனை அழைக்காமல், கேட்டதில் ஒரு பகுதியைச் செய்யாமலே மௌனமாக விட்டுவிடும். 1999-இல் வெளிவந்த விஎம்வேர், உள்ளே ஓடும் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையநிரலின், கட்டளைகளை ஓட ஓடவே படித்து, இடர் தருபவற்றை மட்டும் மாற்றி எழுதி இக்குறையைக் கடந்தது. பிராசசரிலேயே இதற்கான வசதியை இன்டெல் 2005-இலும், ஏ.எம்.டி. அதற்கு அடுத்த ஆண்டிலும் அமைத்துக் கொடுத்தன.

யந்திரத்தை இயக்கியதும் வரும் முதல் திரையைவிட, பின்னணியில் கர்னல் எழுதிச் செல்லும் குறிப்புகளே எனக்கு அதிக ருசியானவை. நிறுவல் நடக்கும்போதே வலக் கண்ட்ரோல் விசையோடு எஃப்-4 விசையை அழுத்தினால் நான்காம் முனையத்தில் அக்குறிப்புகள் ஓடுவதைக் காணலாம். புது வீட்டுக்குக் குடிவருபவர் அறை அறையாகச் சென்று ஜன்னலையும் தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்ப்பது போல, கர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் விசாரித்துப் பெயரெழுதிக்கொள்கிறது. தாய்ப்பலகையின் சில்லாக அதற்கு அறிமுகமாவது இன்டெல் பி.ஐ.ஐ.எக்ஸ்.-3. 1990-களின் நடுவில் புழங்கிய அச்சில்லு, சற்றுமுன் பிறந்த யந்திரத்தில் முழு யௌவனத்தோடு பதிலளிக்கிறது. அக்குறிப்புகளில் ஒரு வரி, யந்திரத்தைச் செய்தவர் ‘இன்னோடெக்’ என்றும், பயாஸின் தேதி 2006 டிசம்பர் 1 என்றும் கூறும். விர்ச்சுவல்பாக்ஸைப் படைத்த ஜெர்மானிய நிறுவனம் அது. அதனை 2008-இல் சன் என்ற கணினி நிறுவனம் வாங்கியது. சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. இத்தனை கைமாறியும் சிற்பியின் பெயர் அடிப்பீடத்தில் அழியாமல் இருக்கிறது. இந்த வரியைக் கண்ணுறும்போதெல்லாம் எனக்குண்டாகும் சந்தோஷம் சொல்லுந்தரமன்று.

நிறுவல் நிரல் கேட்கும் முதற்கேள்வி மொழியைப் பற்றியது. அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் சித்திர வடிவிலான நிறுவலைத் தேர்ந்தால் மட்டுமே. எழுத்துக் கட்டங்களால் ஆன பழைய திரை, கொம்பும் காலும் முன்பின்னாகச் சேர்ந்து உருப்பெறும் நம் எழுத்துகளைத் தாங்க வல்லதன்று. 2007-இல் வந்த எட்ச் பதிப்பில் சித்திர நிறுவல் புகுந்தபோது, வங்காளம், இந்தி, மலையாளம் முதலியவற்றோடு தமிழும் உள்ளே வந்தது. வட்டைப் பகுப்பது போன்ற நுட்பமான விவகாரத்தைத் தமிழிலேயே வாசித்துத் தீர்மானிப்பது ஒரு தனிச் சுகம். ஊதியம் கருதாமல் அந்த வரிகளைப் பெயர்த்துத் தந்த தொண்டர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கணினியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் என்பவை விரைவில் கடந்துபோகும். வட்டைப் பகுக்கும் கட்டமே இந்நாடகத்தின் உச்சம். நாம் 20 ஜிபி என்று கொடுத்த வட்டு அங்கே 21.5 ஜிபி என்று காட்டப்படுவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. நாம் 1024-இன் மடங்கில் அளந்து தந்ததை அது 1000-இன் மடங்கில் எண்ணுகிறது. எல்லாக் கோப்புகளையும் ஒரே பார்ட்டிஷனில் வைப்பதா, பயனரின் கோப்புகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவதா, வட்டு முழுவதையும் மறையீடு செய்வதா என்பவற்றைத் தீர்மானித்தபின், வட்டில் எழுதலாமா என்ற இறுதிக் கேள்வி வருகிறது. அதற்கு ‘இல்லை’ என்ற விடையே முன்கூட்டித் தேர்ந்து வைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் விசையை அழுத்துபவனுக்கும் கேடு விளையாமல் காக்கும் இந்தக் கருணையை, அழிவதற்கு ஏதுமற்ற மெய்நிகர் வட்டின் முன் அமர்ந்துதான் நிதானமாக ரசிக்க முடிகிறது. மறையீட்டைத் தேர்ந்தவர்கள் வெளியிலுள்ள கோப்பையும் கவனிக்க வேண்டும். நிறுவல் நிரல் அப்பகுதி முழுவதையும் தாறுமாறான தரவுகளால் நிரப்புவதால், சில மெகாபைட்டாகப் பிறந்த கோப்பு நம் கண்ணெதிரே 20 ஜிபிக்கு விசுவரூபம் எடுக்கும்.

பின்னர் மென்பொருள்களைத் தேரும் பட்டியல். நோம், கே.டி.இ. பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ, எல்.எக்ஸ்.கியூ.டி. என்று டெஸ்க்டாப்புகள் வரிசையாக நிற்கும். நோமின் கம்பீரத்தை நான் மறுப்பவனல்லன். ஆனாலும் சிறிய நினைவகத்தில் வாழும் மெய்நிகர் யந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ-யைப் போல் இசைந்தது வேறில்லை என்பேன். கேட்டதை உடனே தந்து, கேளாததில் தலையிடாத அதன் அடக்கம், பிராசசரை நேராக ஓடவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்த மூன்றாவது விதியோடு ஒத்த குணமுடையது.

மெய்க் கணினி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் தர இயலாத பாக்கியம் ஒன்று உண்டு, அதுதான் ஸ்நாப்ஷாட். வட்டில் எழுதலாமா என்ற கேள்வி திரையில் நிற்கும்போதே, ஓடும் யந்திரத்தை நினைவகத்தில் உள்ளதோடு சேர்த்து அப்படியே பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் ‘ஆம்’ என்று சொல்லி, நிறுவி, கண்டு களித்து, வேண்டும்போது அதே கேள்வியின் முன் மீண்டும் வந்து நிற்கலாம். ஒரு கிளையில் ஒற்றைப் பார்ட்டிஷனும் எக்ஸ்எஃப்சிஇ-யும். மற்றொன்றில் மறையீடு செய்த வட்டும் பிளாஸ்மாவும். இன்னொன்றில், பட்டியலில் எல்லா டெஸ்க்டாப்புகளையும் நீக்கிவிட்டு, கறுத்த திரையில் உள்நுழைவு வரி மட்டும். அனுபவம் முதிர்ந்த ரசிகருக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கடைசிக் கிளையையே. திரையை ஆளும் சேவையகத்தை முதலில், சாளரங்களை நிர்வகிக்கும் நிரலை அடுத்து, அதன்பின் எழுத்துருக்களை, ஒலியை, கோப்புலாவியை என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, ஒவ்வொன்று சேரும்போதும் யந்திரம் எப்படி மாறுகிறது என்று பார்த்துச் செல்பவர், டெஸ்க்டாப் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடும் பொருள் எத்தனை பேருடைய தனித்தனி உழைப்பின் கூட்டு என்பதைக் கண்கூடாகக் காண்பார். அதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். இடையில் ஏதேனும் பிசகினால், பிசகுவதற்கு முந்தைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.