அலிபிரியில் அடியும் முழங்காலும்

திருமலைக்கு நடந்து ஏறும் வழியில் உடம்பின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அடிவாரமான அலிபிரியில் பாதால மண்டபம். (தமிழ்க் காதில் அது பாதாளம் என்று விழும், தெலுங்கில் பாதங்களின் மண்டபம்.) சற்று மேலே தலையேரு குண்டு என்ற பாறை. உச்சியை நெருங்கும்போது மோகாள்ள மெட்டு, அதாவது முழங்கால் மேடு. அலிபிரி என்ற பெயரே மலையின் 'அடிப்படி' திரிந்து வந்தது என்பார்கள். அடிவாரத்துப் புளியமரத்தால் 'அடிப்புளி' என்று ஆனதாகச் சொல்வாரும் உண்டு. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கும்போது, அடிவாரத்தின் பெயரில் தமிழ் 'அடி'யைத் தேடுவது ஒன்றும் பேராசை அல்ல.

ஏறத்தாழ 3,550 படிகள் உள்ள பாதைக்கு இப்படிப் பெயர் வைத்ததில் நல்ல அறிவு இருக்கிறது. தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் கலந்து ஏறும் வழி இது. எழுத்துத் தெரியாதவருக்கும், பலகையைப் படிக்க நிற்காதவருக்கும் முழங்கால் என்றால் புரியும். கோவை வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை இருப்பதும் இந்த வழக்கில்தான்.

இங்கே இன்னொன்றும் சேர்கிறது: மலையே ஓர் உடம்பு. சேஷாசல மலைத்தொடர் ஆதிசேஷன். தலை திருமலை, நடுப்பகுதி அகோபிலம், வால் ஸ்ரீசைலம் என்பது மரபு. அந்த உடம்பின் மேல் கால் வைக்கக் கூசி, இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்பார்கள். மோகாள்ள மெட்டருகே அவருக்குச் சன்னதி இருக்கிறது. தெலுங்குக் கீர்த்தனைக் கவி அன்னமாச்சாரியார் (1408–1503) சிறுவனாகச் செருப்போடு ஏறிக் களைத்து விழுந்ததாகவும், தாயார் அலமேலுமங்கை கனவில் வந்து செருப்பைக் கழற்றச் சொன்னதாகவும் கதை சொல்வதும் இந்த இடத்தில்தான்.

செருப்பைக் கழற்றச் சொன்ன அதே மலையின் அடியில் செருப்புக்குப் பெரிய மரியாதை நடக்கிறது. பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மக்கள் வலம் வருகிறார்கள். உடம்பில் உயர்ந்தது என்று நாம் எண்ணும் தலை, தாழ்ந்தது என்று எண்ணும் காலின் அணியைச் சுமக்கிறது. இந்த வழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. மேல் கீழ் என்று உடம்பிலும் ஊரிலும் போட்டு வைத்திருக்கும் வரிசையைச் சில நிமிடமாவது புரட்டிப் போடுகிறது. ஆனால் சில நிமிடம்தான். செருப்பைத் தலையில் ஏந்திய நாடு, செருப்புத் தைத்த கையை எப்படி நடத்தியது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

'அடி' என்ற சொல்லுக்கும் இதே கதி. கடவுளுக்குத் திருவடி, நமக்குக் கால். ஏறி முடித்தவர் கால் வலிக்கிறது என்பாரே ஒழிய, தம் அடி வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். பேச்சில் நம் அடி, காலடியாகவும் அளவாகவும் மட்டும் மிஞ்சிவிட்டது. வைணவர்கள் தம்மைச் சொல்லும் 'அடியேன்' எல்லோரையும் ஒரே தளத்தில் நிறுத்தும் அழகான சொல். வாய்ப்பழக்கமாகிப் பணிவு போனபின், அது வெறும் 'நான்'.

பெயர்களின் பெரிய குறை வேறு. முழங்கால் மேடு என்ற பெயர் வழியின் கடினத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. செங்குத்தாக மூச்சு வாங்க வைப்பது தொடக்கம்தான்: காலி கோபுரம் வரை ஏறத்தாழ 2,000 படிகள். அங்கே முழங்காலின் பெயரே இல்லை. அதைக் கடந்து, பாதை சற்றுத் தாழ்ந்து இளைப்பாற விட்டு, தசைகள் தளர்ந்த பிறகுதான் மோகாள்ள மெட்டு வருகிறது. பழையவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய இடம் என்று பெயர் வைத்திருந்தால் அது எச்சரிக்கை. இன்றோ பலர் அதை அறைகூவலாக எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுதலாக முழங்காலிட்டுக் கல்படியில் ஏறுகிறார்கள், பார்ப்பவர் கைகூப்புகிறார்கள். தலையேரு குண்டில் தலையையும் முழங்காலையும் முட்டினால் வலி தீரும் என்ற நம்பிக்கை கீழே இருக்க, வலியைத் தேடிப் போவது மேலே பெருமையாகிறது. ஒரே வழியில் உடம்புக்கு இரண்டு தீர்ப்பு.

இந்தப் பட்டியலில் வராத உறுப்பு இதயம். படியேற்றத்தில் உண்மையாகவே ஆபத்துக்கு உள்ளாவது அதுதான். அறுபதைத் தாண்டியவர்களும், இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நடந்து வர வேண்டாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024இல் அறிவுறுத்தியது. அறிவுரை அறிக்கையாக வந்தது, பெயராக ஊன்றவில்லை. அறிக்கையை மறந்துவிட்டு ஏறுகிறவர் மோகாள்ள மெட்டை மறப்பதில்லை. வாய்மொழிப் பெயரின் வலிமையும் வம்பும் அதுதான்.

ஆகவே பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. அவற்றின் பழைய பொருளைத் திரும்பச் சொன்னால் போதும். வீட்டுப் பெரியவர்களோடு அலிபிரியில் படியேறப் போகிறவர்கள், இராமானுசர் கதையோடு சேர்த்து, முழங்கால் மேடு மெதுவாக ஏற வேண்டிய இடம் என்றும் சொல்லி அழைத்துப் போங்கள். முடியாதவர்களுக்கு மேலே போகப் பேருந்து இருக்கிறது.