மனச்சிதைவு: உட்பிரிவை விட்டோம், வயதை விடலாமா?

மனச்சிதைவு நோயை வகை பிரிக்கும் வழக்கம் ஜெர்மனியில் தொடங்கியது. பதின்வயதில் தலைகாட்டி, பேச்சையும் உணர்ச்சியையும் குலைக்கும் ஹெபிஃப்ரீனியாவை 1871-இல் மனநல மருத்துவர் ஹெக்கர் விவரித்தார். உடல் உறைந்துபோகும் கேட்டடோனியாவை 1874-இல் கால்பாம் எழுதினார். இவற்றோடு சந்தேக வகையான பரனாய்டையும் சேர்த்து, 1899-இல் மனநல மருத்துவர் கிரேப்பலின் ஒரே நோயாகத் தொகுத்தார். அவர் வைத்த பெயருக்கே 'இளமையில் முந்திவரும் அறிவுச்சிதைவு' என்றுதான் பொருள்.

இந்தப் பகுப்பில் உண்மை இருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்துகிறான். குளிப்பதில்லை, காரணமில்லாமல் சிரிக்கிறான், கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்கிறான். நாற்பத்தைந்து வயதுப் பெண் வீட்டை ஒழுங்காக நடத்துகிறார். ஆனால் பக்கத்து வீட்டார் சுவர் வழியே விஷப்புகை அனுப்புவதாக உறுதியாக நம்புகிறார். முன்னது இளமையில் வருவது, பின்னது பெரும்பாலும் தாமதித்து வருவது. இந்த வேறுபாட்டை உட்பிரிவுகள் கண்முன் நிறுத்தின.

ஆனால் அவை நிலைக்கவில்லை. இந்த ஆண்டு பரனாய்டு என்று எழுதப்பட்டவருக்குச் சில ஆண்டுகளில் வேறு பெயர் விழுந்தது. எதிலும் அடங்காதவர்களுக்கென்றே 'வகைப்படாதது' என்றொரு பிரிவும் இருந்தது. கேட்டடோனியா நீங்கலாக, பெயர் மாறினாலும் மருந்து மாறவில்லை. அதனால் 2013-இல் அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 உட்பிரிவுகளைக் கைவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-உம் அவ்வாறே செய்தது. அது சரியான முடிவு.

வயதை வேலியாக்கியதும் தவறுதான். 45 வயதுக்கு முன் தொடங்கினால்தான் மனச்சிதைவு என்று 1980-இல் டிஎஸ்எம்-3 வரையறுத்தது. பெண்களுக்கு நோய் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் தள்ளியே வருகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இன்னொரு சிறு ஏற்றமும் உண்டு. அந்தப் பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். 1987-இல் அந்த வேலி அகற்றப்பட்டது.

வயது வேலியாக வேண்டாம், கேள்வியாக இருக்கட்டும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஆய்வாளர் ஹெஃப்னரின் குழு நடத்திய ஆய்வில், முதல் அறிகுறிக்கும் முதல் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் இடையே சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் கழிந்திருந்தது. சேர்ந்த தேதியை நோய் தொடங்கிய தேதியாகக் குறித்தால், அத்தனை ஆண்டுத் துன்பமும் கணக்கில் வராது. "எப்போது கொண்டுவந்தீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "எப்போது மாறத் தொடங்கினான்?" என்றும் தாயிடம் கேட்க வேண்டும். அவளுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்திருக்கும்.