ஊசியும் இரும்புக் கால்களும்

பியானோவில் ஜாஸ் இசைத்துப் பெயர் பெற்றவர் ஹெர்பி ஹான்காக். 1960களில் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் இருந்தவர். அவர் 1983இல் 'ராக்கிட்' என்ற தனிப்பாடலை வெளியிட்டார். அதில் பாடகர் என்று யாரும் இல்லை. சின்தசைசரும் தாள இயந்திரமும் ஓட, நடுவே இசைத்தட்டின் கீறல் ஒலி.

அந்தக் கீறல்தான் பாட்டின் உயிர். ஊசி வைத்த தட்டை முன்னும் பின்னும் சுழற்றி, டி.ஜே.வான டி.எஸ்.டி. அதைத் தாள வாத்தியமாகவே மாற்றிவிட்டார். நியூயார்க் தெருக்களின் ஹிப் ஹாப் வித்தை இது. அமெரிக்கா எங்கும் பலர் இதை முதன்முதலில் கேட்டது இந்தப் பாட்டில்தான்.

பாட்டின் காணொளி இன்னும் விசித்திரம். இயக்கியவர்கள் காட்லி, கிரீம் இரட்டையர். ஒரு வீடு, உள்ளே மனிதர்களே இல்லை, சிற்பி ஜிம் வைட்டிங் செய்த இயந்திர உருவங்கள் மட்டும். உடலில்லாத கால்கள் உதைத்து நடக்கின்றன. கட்டிலில் ஓர் உருவம் துள்ளித் துள்ளி விழுகிறது. ஒவ்வொரு வெட்டும் கீறலோடு சேர்ந்து விழுவதால், தட்டைச் சுழற்றும் கைதான் இவற்றையும் ஆட்டுகிறதோ என்று தோன்றும். பயமும் சிரிப்பும் ஒன்றாகவே வரும்.

ஹான்காக் அந்த வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டுமே தெரிகிறார். 1984இல் நடந்த முதல் எம்டிவி விருது விழாவில் இந்தக் காணொளிக்கு ஐந்து விருதுகள்.

காணொளியின் கடைசியில் அந்தப் பெட்டி வாசலுக்கு வெளியே நடைபாதையில் உடைந்து கிடக்கிறது.