191 என்று எண்ணியது யார்?

திருப்பூரில் தைத்து ஏற்றுமதியாகும் ஒரு டி-சர்ட்டை எடுத்து, கழுத்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள் இருக்கும். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் அடித்தவர், பிசிறு வெட்டிய அக்கா, யார் பெயரும் இருக்காது. சரி, அது வியாபாரம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியாச்சு, கணக்கு தீர்ந்தது.

கூலியே வாங்காமல் செய்த வேலைக்கும் இதே கதிதான் என்றால்?

2024 ஆகஸ்ட் 14 அன்று, திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி தாலுகாவில் இருக்கும் நஞ்சராயன் குளத்துக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்ததாக மத்திய அரசு அறிவித்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அர்த்தம். அதே நாளில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியும், மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கமும் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவின் எண்ணிக்கை 85 ஆனது. தமிழ்நாட்டின் எண்ணிக்கை 18. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022-ல்தான் இந்தக் குளம் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆகியிருந்தது. சாயக் கழிவுக்காகப் பெயர் கெட்டுப்போன ஊர் இது. 2011-ல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்த அறிவிப்பைத்தான் இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சினிமாவை விமர்சிக்கிறோம், புத்தகத்தை விமர்சிக்கிறோம், அரசாங்கத்தின் உரைநடையை மட்டும் ஏன் விடவேண்டும்?

கணக்கெல்லாம் கச்சிதம். பரப்பளவு 125.865 ஹெக்டேர். மூன்று தசமம் வரைக்கும் சுத்தம். பறவை இனங்கள் 191. வண்ணத்துப்பூச்சி 87. ஊர்வன 21. பல நூற்றாண்டுகளுக்கு முன் குளத்தைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற மன்னர் பெயரால் அழைக்கப்படுகிறது என்ற விவரமும் உண்டு. சரி, குளத்தைப் பார்த்துக்கொண்டவர்கள்? உள்ளூர் மக்கள் ஈடுபாட்டோடு வனத்துறைக்கு ஒத்துழைக்கிறார்கள் என்கிற ரீதியில் ஒரே வரி. அவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். ஒரு தொகையைப் பார்த்தால் ரசீது எங்கே என்று கேட்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். 191 என்பது ஒரு தொகை. ரசீது எங்கே?

ரசீது வைத்திருப்பவர்கள் திருப்பூரில்தான் இருக்கிறார்கள். திருப்பூர் இயற்கை கழகம் போன்ற அமைப்புகளைச் சேர்ந்த ஆர்வலர்கள், சரணாலயம் என்ற பேச்சு வருவதற்கு முன்பிருந்தே பைனாகுலரும் நோட்டுமாகக் குளக்கரையில் நின்றவர்கள். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து இங்கே இறங்கியதென்றால், அதைப் பார்த்துத் தேதி போட்டு எழுத ஒரு ஆள் வேண்டுமில்லையா? ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்தால்தான் அது நடக்கும்.

உடனே ஒரு பதில் வரும். ‘பெயருக்காகவா சார் அவங்க செய்யறாங்க?’ நியாயம்தான். பெயருக்காகச் செய்திருந்தால் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கேள்வியை எப்போதும் பெயர் கிடைத்தவர்கள்தான் கேட்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

பாராட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் பொன்னாடைக்கா பஞ்சம்! மேடையில் பத்து நிமிஷம், கேடயம், குரூப் போட்டோ. மறுநாள் பேப்பரில் போர்த்தியவர் முகம் தெளிவாக இருக்கும், போர்த்திக்கொண்டவர் முகம் பாதி மறைந்திருக்கும். தமிழக அரசின் பசுமை சாம்பியன் விருது இதைவிட மேல். ஒரு லட்சம் ரூபாய் பரிசு. தனி நபர்களுக்கும் அமைப்புகளுக்கும் தருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பம் போட வேண்டும். தன்னைப் பற்றித் தானே பாரம் பூர்த்தி செய்ய வெட்கப்படுகிறவர்தான் பெரும்பாலும் உருப்படியாக வேலை செய்துகொண்டிருப்பார். அங்கேதான் இடிக்கிறது.

வேறு எப்படித்தான் மதிப்பதாம்? வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் வேடந்தாங்கலுக்குப் போய் வருவோம். அங்கே வயலுக்குப் பாயும் ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலப்பதால் விளைச்சல் கூடும் என்று தெரிந்து, பறவைகளைக் காத்தவர்கள் விவசாயிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்தபோது கலெக்டரிடம் போய்ப் புகார் செய்தார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் என்ன கொடுத்தார்? மாலை போடவில்லை. ‘கவுல்’ கொடுத்தார், அதாவது பறவைகளைக் காக்கும் உரிமை கிராமத்துக்கு உண்டு என்ற எழுத்துப் பத்திரம். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். இருநூறு வருடம் தாண்டியும் நாம் அதைப் பேசுகிறோம். பொன்னாடையாக இருந்தால் பூச்சி அரித்திருக்கும்.

பிரிட்டனில் 1994-லிருந்து நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கையில், எண்ணிய தன்னார்வலர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அச்சடிக்கிறார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் பூங்காக்களில் 250 மணி நேரம் உழைத்தவருக்கு ஒரு வருட இலவச அனுமதிச் சீட்டு தரும் வழக்கம் உண்டு. செலவு அதிகமில்லை. ‘நீ செய்த வேலை எங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது’ என்று சொல்வதுதான் விஷயம்.

நாமும் அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறோம். 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியது. ஆதாரம்? சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள். இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து எண்ணச் சொல்ல எந்தத் துறையால் முடியும்?

பெயர் போடுவது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை. குளத்தில் சாக்கடை கலந்தாலோ, கரையில் நடைபாதை போட டெண்டர் வந்தாலோ, எங்கே எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று யாரைக் கேட்பது? பெயர் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம். ‘உள்ளூர் மக்கள்’ என்று எழுதிவைத்தால் யாரையும் கேட்கத் தேவையில்லை. அதுதான் அந்த வார்த்தையின் சௌகரியம்.

எனவே கேட்பது மூன்றே மூன்று. விருப்பமுள்ளவர்களின் பெயர்களை வருட வாரியாகக் குளக்கரையில் ஒரு பலகையில் எழுதுங்கள். சரணாலயத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். அவர்கள் தந்த குறிப்பை வைத்து என்ன செய்தீர்கள் என்று வருடம் ஒருமுறை சொல்லுங்கள்.

ராம்சர் விதிப்படி ஒவ்வோர் ஈரநிலத்தின் விவரக் குறிப்பையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். நஞ்சராயன் குளத்துக்கு அது 2030-ல் வரும். 191 என்பது அப்போது 200 ஆகியிருக்குமா, 150 ஆகியிருக்குமா என்று பைனாகுலரோடு கரையில் நிற்பவர்தான் சொல்லவேண்டும். ஒரு முறை குளத்தைச் சீரமைத்த ராஜாவின் பெயர் குளத்துக்கே நிலைத்துவிட்டது. வாராவாரம் வந்து நிற்பவருக்கு ஒரு பலகையில் ஒரு வரி கொடுத்தால் வனத்துறையின் கஜானா காலியாகிவிடாது.