ஒரே ஒரு 'போல'

முதல் காட்சியிலேயே வாக்குவாதம். ஓர் உழவன் தன் இளம் மனைவியை வயலோடு ஒப்பிட்டுவிடுகிறான். தான் எப்படி வயலாக முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. வயல் என்று சொல்லவில்லையே, வயல் போல என்றுதானே சொன்னேன் என்கிறான் அவன். அந்தப் 'போல' அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிடுகிறது. உவமைக்கென்றே தனி இயல் வகுத்த தொல்காப்பியத்தின் மொழிக்காரர்கள் நாம். ஓர் உவம உருபைப் பிடித்துக்கொண்டு ஒரு கொலைக்கதை கிளம்புவதைப் பார்க்க நமக்குத் தனிச் சுகம்.

டேவிட் ஹாரோவரின் முதல் நாடகம் 'நைவ்ஸ் இன் ஹென்ஸ்'. 1995இல் எடின்பரோவின் டிராவர்ஸ் தியேட்டரில் அரங்கேறியது. இயந்திரங்கள் வராத காலம். ஊர் எதுவென்று சொல்லப்படுவதில்லை. மூன்றே பாத்திரங்கள். உழவன் போனி வில்லியம், அரவை ஆலைக்காரன் கில்பர்ட் ஹார்ன், நடுவில் அந்தப் பெண். எல்லாவற்றுக்கும் பெயர் தேடுகிற அவளுக்கு மட்டும் பிரதியில் பெயர் கிடையாது.

வில்லியம் குதிரையே கதியென்று லாயத்தில் கிடப்பவன். தானிய மூட்டைகளோடு மனைவியை ஆலைக்கு அனுப்புகிறான்; ஆலைக்காரனை வெறுக்கவும் சொல்லிக்கொடுத்தே அனுப்புகிறான். ஊரே அப்படித்தான் வெறுக்கிறது. வெயிலில் வேகாமல் அரவைக்கூலியாக மாவை எடுத்துக்கொள்கிறவன்; போதாக்குறைக்கு, பெண்டாட்டியைக் கொன்றவன் என்று வேறு பேச்சு. வில்லன் தயார் என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், அவன் கையில் இருப்பது பேனா.

இந்த இடத்தில்தான் ஹாரோவரின் கைத்திறன். கள்ள உறவு கதையில் தானாக நடந்துவிடுகிறது. பதற்றம் முழுவதும் அந்தப் பேனாவில் இருக்கிறது. சூனியக் கருவியைப் பார்ப்பதுபோல முதலில் ஒதுங்குகிறாள். பிறகு அதே கையால் எழுதுகிறாள். புருஷன் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. இவள் எழுதியது தாளிலேயே கிடக்கிறது. அதைக் கண்டு அவளே மிரளும் கணம், எந்தத் துப்பாக்கிக் காட்சியையும்விட எனக்கு அடிவயிற்றைப் பிசைகிறது. கோழியின் வயிற்றில் கத்தி இறங்குவதுபோல, பொருள்களுக்குள் பெயரைச் செருகுவதாக அவள் நினைக்கிறாள். தலைப்பு அங்கிருந்து வருகிறது. ஆக, அவளும் 'போல' சொல்லக் கற்றுவிட்டாள். இனி வில்லியமுக்கு ஆபத்து என்று எனக்கு உறுதிப்பட்டது அந்த இடத்தில்தான்.

வசனங்கள் கரடுமுரடானவை. சின்னச் சின்ன வாக்கியங்கள், பாதியில் மண்ணில் புதைந்த கற்கள் மாதிரி. தமிழில் யாராவது இதைச் செய்வதென்றால் மேடைத்தமிழ் அறவே உதவாது. ஏர் பிடித்தவர்கள் வாயிலிருந்து வரும் பேச்சு வேண்டும்.

கொலைக்குக் கத்தி பயன்படுவதில்லை. மனைவியும் ஆலைக்காரனும் சேர்ந்து உருட்டும் அரைகல்லின் கீழ் வில்லியம் நசுங்கிச் சாகிறான். 2017இல் லண்டன் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் யேல் ஃபார்பர் இயக்கியபோது மேடையையே ஒரு பெரிய அரைகல் ஆக்கிரமித்திருந்தது. சரியான முடிவு. அந்தக் கல் எப்போது உருளும் என்ற கேள்வியோடுதானே பார்வையாளர் மூச்சுவிட முடியும்.

கடைசியில் கில்பர்ட் ஊரைவிட்டுப் போகிறான். அவள் போகவில்லை. அந்த வயலோடு தங்கிவிடுகிறாள்.